‘ஐஞ்சு வருசம்தானாம்’: அரிய புற்றுநோய்களில் ஆயுளைக் கணிப்பது எப்படி?

என்னுடைய சித்தப்பாவுக்குச் சொல்லப்பட்ட ஐந்து வருடங்கள் 2023 ஆவணியில் முடிந்தன. அன்று காலை அவர் கிளிநொச்சியில் தன்னுடைய மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். சித்தி கோயிலுக்குப் போயிருந்தா. நான் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தபோது இருவருமே அந்தத் திகதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால், அந்த வீட்டில் அதை மறந்திருந்தவர் எவரும் இல்லை.

2018 இல் அவருடைய மேலண்ணத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு வீக்கம் வந்தது. நோவு இல்லை. மீன்முள் குத்தி வீங்கியிருக்கும் என்று சில மாதங்கள் விட்டுவிட்டார். பிறகு பல் வைத்தியரிடம் போக, அவர் பயொப்சிக்கு அனுப்பினார். வந்த ரிப்போட்டில் இருந்த பெயர் அடினொயிட் சிஸ்ரிக் கார்சினோமா. உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் அரியதொரு புற்றுநோய் அது. பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் காதடியிலும் தாடைக்குக் கீழும் இருந்தாலும், அண்ணத்திலும் உதட்டிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் இருக்கின்றன. சித்தப்பாவுக்கு வந்தது அவற்றில் ஒன்றில்.

ரிப்போட்டை விளக்கிய வைத்தியர், வாட்டு வாசலில் நின்றபடி, பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும், சித்தப்பாவின் மூத்த மகனிடம் ஒரு வசனம் சொன்னார். “இதுக்கு ஐந்து வருட உயிர்வாழ்வு எண்பது வீதம்” என்பதுதான் அதன் பொருள் என்று இப்போது எனக்குத் தெரியும். தம்பிக்கு அப்போது இருபத்தொரு வயது. அவனுக்கு விளங்கியது ‘ஐந்து வருடம்’ மட்டும். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்த வசனம் “ஐஞ்சு வருசம்தானாம்” என்று ஆகியிருந்தது. எண்பது வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

அதன்பிறகு நடந்தவை எல்லாம் அந்த அரை வசனத்தின் மேல் நடந்தவை. வயல் ஈடு வைக்கப்பட்டது. உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதக் காத்திருந்த தங்கச்சிக்கு, அப்பா இருக்கும்போதே பார்த்துவிடட்டும் என்று அவசரமாகக் கலியாணம் பேசி முடித்தார்கள். சித்தப்பாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. “அவருக்குத் தெரிஞ்சால் உடைஞ்சு போவார்” என்றார்கள். ஆனால், மகளின் கலியாணத்துக்கு ஏன் இந்த அவசரம் என்று யோசிக்கத் தெரியாதவர் அல்ல அவர்.

நான் ஊடகக் கற்கைகள் படித்தவள். புள்ளிவிபரவியலுக்கும் எனக்கும் தூரம். ஆனாலும், அந்த எண்பது எங்கிருந்து வந்தது, யாரை எண்ணி அதைச் சொல்கிறார்கள் என்று தேடத் தொடங்கியபோது, இது எங்களுடைய வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பது விளங்கியது. தலை, கழுத்துப் பகுதியில் அரிய புற்றுநோய் வந்த ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. “எவ்வளவு காலம்?” என்று கேட்கிறோம். ஒரு எண் கிடைக்கிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

ஏன் ஐந்து?

‘ஐந்து வருட உயிர்வாழ்வு 80 வீதம்’ என்றால், இந்த நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்ட 100 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், ஐந்தாவது வருட முடிவில் 80 பேர் உயிரோடு இருந்தார்கள் என்று பொருள். அவ்வளவுதான். ஆறாவது வருடம் அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றி அந்த வசனம் எதுவும் பேசவில்லை. ஐந்து என்பது அளவுகோலில் போட்ட ஒரு கோடு. ஆயுளின் எல்லை அல்ல.

அந்தக் கோட்டை ஐந்தில் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுடைய ஊரில் அதிகம் காணும் வாய்ப்புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது அதுதான். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரெட் என்று காரணமும் தெரியும். அந்த நோய் திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் வந்துவிடும். ஐந்து வருடத்தைக் கடந்தவருக்கு அந்தப் பழைய கட்டியால் வரும் ஆபத்து மிகக் குறைந்துவிடுகிறது. ஆகவே, ஐந்து வருடக் கோடு அங்கே பொருத்தமானது.

சித்தப்பாவுக்கு வந்த நோய் அப்படி நடந்துகொள்வதில்லை. மெதுவாக வளரும். நரம்புகளைப் பற்றிக்கொண்டு, கொடி படருவதுபோல நகரும். சத்திரசிகிச்சை செய்து, கதிர்வீச்சும் கொடுத்து எல்லாம் முடிந்தது என்று இருக்கும்போது, பத்து வருடம் கழித்து நுரையீரலில் தலைகாட்டும். வெவ்வேறு ஆய்வுகளைப் பார்த்தால், ஐந்து வருட முடிவில் 100 பேரில் 70 முதல் 90 பேர் வரை உயிரோடு இருக்கிறார்கள். பத்து வருடத்தில் அது 50 முதல் 70 வரை ஆகிறது. பதினைந்து வருடத்தில் 40ஐ அண்டி இறங்குகிறது.

இதை இரண்டு விதமாகவும் பிழையாக விளங்கலாம். எங்களுடைய வீட்டில் ஐந்து வருடத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். வேறு சில வீடுகளில் “ஐஞ்சு வருசம் தாண்டிட்டார், இனிப் பயமில்லை” என்று கிளினிக் போவதை நிறுத்திவிடுகிறார்கள். இந்த நோய்க்கு இரண்டாவது எண்ணந்தான் கூடுதல் ஆபத்தானது. அதேவேளை, நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று கேட்டவுடன் அடக்கத்துக்கு ஆயத்தப்படவும் வேண்டியதில்லை. சிறு முடிச்சுகளோடு பல வருடங்கள் தம்முடைய வேலையைப் பார்த்துக்கொண்டு வாழ்பவர்கள் இந்த நோயாளர்களிடையே இருக்கிறார்கள்.

நடுப்புள்ளி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ரீவன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியலாளருக்கு 1982 இல் வயிற்றறைச் சவ்வில் ஒரு அரிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோய் பற்றிய நூல்களில் இருந்த கணக்கு எட்டு மாதம். அவர் விஞ்ஞானி என்பதால், அந்த எட்டு மாதம் பாதிப் பேர் இறந்துபோன நாளைக் குறிக்கிறதே தவிர, எல்லோருக்கும் உரிய கெடு அல்ல என்று கண்டுகொண்டார். மீதிப் பாதிப் பேரின் வரிசை நீண்டு போகிறது; அந்த வரிசையில் தான் எங்கே நிற்கிறேன் என்று பார்ப்பதே சரியான கேள்வி என்று 1985 இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அவர் இறந்தது 2002 இல், அதுவும் வேறொரு புற்றுநோயால்.

காணாமல் போனவர்களை எப்படி எண்ணுவது?

நூறு பேரைப் பின்தொடர்ந்து பார்ப்பது என்பது சொல்லச் சுகம். நடைமுறையில் ஒருவர் வெளிநாடு போய்விடுவார். ஒருவர் முகவரி மாறிவிடுவார். ஒருவர் சும்மா வராமல் விட்டுவிடுவார். இவர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று வைத்தியசாலைக்குத் தெரியாது. இறந்தவர்களோடு சேர்த்தால் கணக்குப் பிழைக்கும். உயிரோடு இருப்பவர்களோடு சேர்த்தாலும் பிழைக்கும்.

இதற்கு விடை கண்டவர்கள் எட்வேர்ட் கப்லன், போல் மையர் என்ற இரண்டு அமெரிக்கர்கள். கப்லன் தொலைபேசி நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில், கடலடிக் கேபிள்களில் பொருத்தும் வெற்றிடக் குழாய்கள் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். மையர் பார்த்துக்கொண்டிருந்தது மனிதர்களை. இருவரும் தனித்தனியே ஒரே சஞ்சிகைக்கு ஒரேமாதிரியான கட்டுரையை அனுப்ப, சேர்ந்து எழுதும்படி சொல்லப்பட்டு, 1958 இல் அது வெளியானது. இன்று உலகத்தில் எந்தப் புற்றுநோய் ஆய்வை எடுத்தாலும் படிக்கட்டுப்போல இறங்கும் ஒரு கோடு இருக்கும். அது இவர்களுடைய பெயரைத் தாங்கியது.

அவர்கள் செய்தது இதுதான். ஒருவர் கடைசியாக உயிரோடு காணப்பட்ட நாள்வரை அவரை எண்ணுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் கணக்கிலிருந்து விலகிக்கொள்கிறார். இறந்தவராகவும் அல்ல, இருப்பவராகவும் அல்ல. பத்துப் பேர் என்று வையுங்கள். முதல் வருடத்தில் ஒருவர் இறக்கிறார்: பத்தில் ஒன்பது. பிறகு இருவர் கிளினிக் வருவதை நிறுத்துகிறார்கள். மீதி ஏழு பேர். இரண்டாம் வருடத்தில் அவர்களில் ஒருவர் இறக்கிறார்: ஏழில் ஆறு. இரண்டையும் பெருக்கினால் இரண்டு வருட உயிர்வாழ்வு 77 வீதம்.

இந்தப் பெருக்கலுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. காணாமல் போன இருவருக்கும், வந்துகொண்டிருக்கும் மற்றவர்களுக்கு நடப்பதே நடக்கும் என்பதுதான் அது. அவர்கள் இருவரும் உண்மையில் சுகமாக இருந்தால் சரியான விடை 80. இருவரும் வீட்டில் கிடந்து இறந்திருந்தால் 60. வரமுடியாமல் போனதற்குக் காரணம் நோயே என்றால், எழுதப்பட்ட 77 பொய்யாகிவிடும்.

இதை வாசித்தபோது என்னால் சிறிதுநேரம் மேலே போக முடியவில்லை. கடைசியாகக் காணப்பட்ட நாள்வரை மட்டும் ஒருவரை எண்ணுவது எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

வன்னியில் யார் கிளினிக் வராமல் விடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டபோது எத்தனை பேரின் சிகிச்சை பாதியில் நின்றது? 2009 இல் இடம்பெயர்ந்து ஓடும்போது எத்தனை கிளினிக் கொப்பிகள் பங்கருக்குள்ளும் கடற்கரை மணலிலும் கிடந்து போயின? 2022 இல் எரிபொருள் இல்லாமல் வரிசையில் நின்றபோது மகரகமவுக்கும் தெல்லிப்பளைக்கும் எத்தனை பேரால் போக முடிந்தது? வராமல் விட்டவர்கள் சுகமாகி வீட்டில் இருந்தவர்கள் அல்ல. பெரும்பாலும் பஸ்ஸுக்குக் காசில்லாதவர்கள், கூடவர ஆளில்லாதவர்கள், எழும்ப முடியாதவர்கள்.

நாட்டில் தேசிய புற்றுநோய்ப் பதிவு இருக்கிறது. புதிதாக எத்தனை பேருக்கு எந்த உறுப்பில் புற்றுநோய் வந்தது என்று அது எண்ணுகிறது. ஆனால், எண்ணப்பட்ட ஒவ்வொருவரும் ஐந்து, பத்து, பதினைந்து வருடங்களுக்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப் போவது வேறொரு வேலை. அதற்கு மரணப்பதிவும் வைத்தியசாலைப் பதிவும் ஒன்றோடொன்று பேச வேண்டும். ஆள்கள் இடம் மாறினாலும் பதிவு கூடவர வேண்டும்.

சிலரை வைத்துப் பலருக்குச் சொல்வது

வருடத்துக்கு ஒரு இலட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வரும் புற்றுநோயை ஐரோப்பாவில் ‘அரிய’ புற்றுநோய் என்கிறார்கள். சித்தப்பாவின் நோய் அதைவிட எவ்வளவோ அரியது. மேற்குநாடுகளில் பத்து இலட்சம் பேரில் வருடத்துக்கு மூன்று நான்கு பேருக்கு வருகிறது. அதே அளவு எங்களிடமும் என்று எடுத்துக்கொண்டால், வடமாகாணம் முழுவதற்கும் வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர். ஒரு வைத்தியர் தன்னுடைய சேவைக்காலம் முழுவதும் பார்க்கக்கூடியவர்களை ஒரு சிற்றூர்தியில் ஏற்றிவிடலாம்.

குறைந்த ஆள்களை வைத்துச் சொல்லும் வீதம் எவ்வளவு ஆட்டம் காணும் என்பதற்கு ஒரு கணக்கு. 20 பேரில் 14 பேர் உயிரோடு இருந்தால் 70 வீதம். 2000 பேரில் 1400 பேர் இருந்தாலும் 70 வீதம். ஆனால், இரண்டாவது 70 என்பது உண்மையில் 68க்கும் 72க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. முதலாவது 70 என்பது 48 ஆகவும் இருக்கலாம், 86 ஆகவும் இருக்கலாம். எழுதும்போது இரண்டும் ஒரே எண்தான்.

‘அரிது’ என்பதுகூட இடத்தைப் பொறுத்தது. மூக்கின் பின்புறம், தொண்டையின் மேற்பகுதியில் வரும் ஒரு புற்றுநோய் இருக்கிறது. எங்களிடம் அரிது. தென்சீனாவின் குவாங்டொங் பகுதியிலும் ஹொங்கொங்கிலும் அப்படியல்ல. எப்ஸ்ரீன் பார் என்ற வைரசோடு அதற்குத் தொடர்பு உண்டு. அந்த வைரசின் மரபணுத் துணுக்குகளை இரத்தத்தில் தேடி, நோய் முற்றுமுன்னரே பிடிக்க முடியுமா என்று ஹொங்கொங்கில் 20,000க்கும் அதிகமான ஆண்களைப் பரிசோதித்து 2017 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முடியும் என்றே தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகும் அந்த இரத்தப் பரிசோதனை நோய் திரும்புமா என்பதைக் கணிக்க உதவுகிறது. நோயாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் இடத்தில், அவர்களை விடாமல் எண்ணியதால் கிடைத்த அறிவு அது. கிளிநொச்சியில் ஒருவருக்கு அந்த நோய் வந்தால், அவருக்கான பதிலும் அந்த மனிதர்களிடமிருந்துதான் வருகிறது.

சித்தப்பாவின் நோய்க்கு அப்படி ஒரு ஊர் இல்லை. ஆகவே, பல நாடுகளின் வைத்தியசாலைகள் தங்களிடம் இருந்த சிலரைக் கொண்டுவந்து ஒரே குவியலில் போட வேண்டியிருந்தது. 2015 இல் வெளியான அப்படியான ஒரு கூட்டு ஆய்வில், சில நூறு நோயாளர்களின் விபரங்களை வைத்து ‘நோமோகிராம்’ என்ற கணிப்புத் தாள் ஒன்றைத் தயாரித்தார்கள். தையல்காரரின் அளவு நாடாக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்ததுபோல் இருக்கும் அது. வயதுக்கு ஒரு கோடு. கட்டியின் அளவுக்கு ஒரு கோடு. எங்கே தோன்றியது, வெட்டி எடுத்த சதையின் ஓரத்தில் நோய் மிஞ்சியிருந்ததா, கழுத்து நிணநீர்க் கணுவுக்குப் போயிருந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கோடு. உங்களுடைய நிலைக்கேற்ப ஒவ்வொன்றிலும் புள்ளி எடுத்துக் கூட்டினால், கீழேயுள்ள கடைசிக் கோடு இத்தனை வருடத்துக்கு இத்தனை வீதம் என்று காட்டும்.

இது வாட்டு வாசலில் சொன்ன ஒற்றை எண்ணைவிட நல்லது. குறைந்தபட்சம் உங்களைப்போன்றவர்களோடு உங்களை ஒப்பிடுகிறது. நுணுக்குக்காட்டியில் இந்தக் கட்டி மூன்று விதமாகத் தெரியும். அதில் கலங்கள் திண்மமாக அடைந்திருக்கும் வகை மோசமானது, ஜல்லடைபோலத் துளைகள் தெரியும் வகை அவ்வளவு மோசமில்லை. ஒரே பெயருள்ள நோய் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக முடிவது இதனால்தான்.

ஆனால், இந்தத் தாள்களும் எவ்வளவு சரி? அதை அளக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு நோயாளர்களை எடுத்து, யார் கூடுதல் காலம் இருப்பார் என்று தாளிடம் கேட்கிறார்கள். காசைச் சுண்டிப் பார்த்தால் பாதித் தடவை சரியாக வரும், அது 0.5. எப்போதும் சரியென்றால் 1. தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கான கருவிகள் பலவும் 0.7க்கும் 0.8க்கும் இடையில் நிற்கின்றன. பத்துச் சோடிகளில் இரண்டு மூன்றில் பிழை விடும் என்று அர்த்தம். கூட்டத்துக்கு அது பரவாயில்லை. பிழை விட்ட சோடியில் உங்களுடைய அப்பா இருந்தால்?

தவிரவும், அந்தத் தாளைச் செய்த இடங்களில் பயொப்சி முடிவு சில நாட்களில் வரும். கதிர்வீச்சு குறித்த நாளில் தொடங்கும். சாதாரண வாய், தொண்டைப் புற்றுநோய்களில் கதிர்வீச்சு நீண்டுபோகும் ஒவ்வொரு நாளுக்கும் நோயை அடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு வீதத்தால் குறைகிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விடயம். பஸ் வராத நாள், மெஷின் பழுதான நாள், ஹர்த்தால் நாள் எதற்கும் நோமோகிராமில் கோடு இல்லை. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பளையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மகரகமவுக்கு இரவு பஸ் ஏறுவதற்கும் தெல்லிப்பளைக்குக் காலை பஸ் ஏறுவதற்கும் இடையிலுள்ள வித்தியாசமும் ஆயுளைத் தீர்மானிக்கும் காரணிதான்.

உடம்புக்குள் இருக்கும் உலோகம்

எங்களுடைய சனத்துக்கு மட்டும் உரிய இன்னொன்றும் இருக்கிறது. எந்தத் தாளிலும் நான் அதைக் காணவில்லை.

நரம்பு வழியே படரும் நோயை மிகத் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கான். எங்கேவரை போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு வெட்டுவது, எங்கே கதிர்வீச்சுப் பாய்ச்சுவது என்று முடிவெடுக்கலாம். கணிப்பும் அதை வைத்துத்தான். ஆனால், அது பெரிய காந்தம். ஸ்கானுக்கு முன் ஒரு படிவம் தருவார்கள். ‘உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?’

சித்தப்பா ‘இல்லை’ என்று சொன்னார். 2009 மாசியில் விழுந்த செல்லின் துண்டுகள் அவருடைய தோளிலும் கழுத்தடியிலும் இருக்கின்றன. மறந்து சொல்லவில்லை. பதினாறு வயதுப் பெடியனிடமும் அறுபது வயதுக் கிழவரிடமும் காயத் தழும்பைக் காட்டச் சொல்லி, எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று துருவிய சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்தவர். அரச முத்திரை உள்ள எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்விக்கு அவருடைய வாய் தானாகவே ‘இல்லை’ என்றது. நல்லவேளையாக, தழும்பைக் கண்ட தாதி ஒருவர் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். துண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. எம்.ஆர்.ஐ.க்குப் பதிலாக சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள்.

காந்தத்துக்குள் இரும்புத் துண்டு அசையலாம், சூடேறலாம். கண்ணுக்கோ இரத்தக்குழாய்க்கோ நரம்புக்கோ பக்கத்தில் இருந்தால் ஆபத்து. ஆபத்தில்லாத இடத்தில் இருந்தாலும் அதைச் சுற்றிப் படம் கறுத்துப் போகும். எல்லாத் துண்டும் எம்.ஆர்.ஐ.யைத் தடுக்காது; எங்கே, என்ன உலோகம் என்று பார்த்துக் கதிரியக்க வைத்தியர் முடிவெடுப்பார். அவர் முடிவெடுக்க வேண்டுமென்றால் அவருக்குத் தெரிய வேண்டும். இதை வாசிக்கும் உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ உடம்பில் சன்னமோ செல் துண்டோ இருந்தால், ஸ்கான் அறை வாசலில் அதைச் சொல்லுங்கள். அங்கே கேட்பது உங்களுடைய பழைய கதையை அல்ல.

செல் புகையால்தான் புற்றுநோய் வந்ததோ என்று சித்தி இன்றும் கேட்கிறா. இந்த நோய்க்கு வெற்றிலை, சிகரெட்போல நிறுவப்பட்ட காரணம் எதுவும் இல்லை. ஒரு தனி மனிதரின் கட்டியைப் பார்த்து, இது இதனால் வந்தது என்று சொல்லவும் முடியாது. ஊர் ஊராக, வருடம் வருடமாக எண்ணி வைத்தால்தான் அப்படியான கேள்விக்குக் கிட்டப் போகலாம்.

வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும் என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், “எவ்வளவு காலம்?” என்று கேட்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். அது மனிதர் கேட்கும் கேள்வி. ஆனால், வரும் எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், வீதத்தோடு. அது இந்த வகை நோய்க்கா, அல்லது வாய்ப்புற்றுநோய் எல்லாவற்றுக்கும் பொதுவான எண்ணா? ஐந்து வருடத்துக்கா, பத்துக்கா? இந்த நோயால் இறப்பதை மட்டும் எண்ணியதா, அல்லது மாரடைப்பு, விபத்து எல்லாம் சேர்ந்ததா? எழுபது வயதுக்காரருக்கு இந்தக் கடைசிக் கேள்வி பெரிய வித்தியாசம். வெட்டிய ஓரம் சுத்தமா, நரம்பில் இருந்ததா என்று கேளுங்கள். மொழி விளங்காவிட்டால், விளங்கும் ஒருவர் வரும்வரை பொறுத்து நிற்பது வெட்கமில்லை. எங்களுடைய தம்பிக்கு அன்று ஒருவர் தமிழில் ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் போதும்.

போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது சித்தப்பா கேட்டார்.

“பிள்ளை, எனக்கு அப்ப என்ன சொன்னவையெண்டு இப்பவாவது சொல்லன்.”

சொன்னேன். எண்பதையும் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சியின் மூத்தவள் அங்கே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

“நூறில எண்பது பேர் இருப்பினம் எண்டவையோ?”

“ஓம் சித்தப்பா.”

“அதை ஆரும் என்னட்டச் சொல்லியிருந்தால், அவளைப் படிக்க விட்டிருப்பன்.”

தங்கச்சி இப்போது கிளிநொச்சியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். இந்த வருடம் வெளிவாரிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். போன மாத ஸ்கானில் சித்தப்பாவின் வலது நுரையீரலில் இரண்டு சிறிய முடிச்சுகள் தெரிகின்றன. போன வருடமும் அதே அளவில்தான் இருந்தன. வைத்தியர் கிளினிக் கொப்பியில் ஆறு மாதம் தள்ளி அடுத்த திகதியை எழுதியிருக்கிறார். சித்தப்பா கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறார்.